கேம்பர்வேன் பின்னால் குட்டி பைக்கை ஏற்றிச் செல்லலாமா? 100 கிலோ கணக்கில் பலர் சறுக்குவது எங்கே?

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது கார்ன்வால். கடலோரப் புல்வெளியில் கேம்பர்வேனை நிறுத்தியாச்சு. மேற்கூரையைத் தூக்கியாச்சு, பக்கவாட்டில் பந்தலும் கட்டியாச்சு. அடுப்பில் தண்ணீர் கொதிக்கும்போதுதான் பால் இல்லை என்பது தெரிகிறது. கடை மூன்று கிலோமீட்டர் தூரம். பால் வாங்க வேண்டுமென்றால் பந்தலை அவிழ்த்து, கூரையை இறக்கி, படுக்கையை மடித்து, வீட்டையே கிளப்பிக்கொண்டு போக வேண்டும். போகிற வழியோ எதிரே ஒரு கார் வந்தால் பின்வாங்கி நிற்க வேண்டிய ஒற்றைச் சந்து. கடற்கரை வாகன நிறுத்தத்தில் உயரத் தடுப்புக் கம்பி வேறு.

கேம்பர்வேன் வைத்திருக்கும் எல்லோரும் ஒரு நாள் இந்த இடத்துக்கு வந்து சேர்வார்கள். அப்போது தோன்றும் யோசனை ஒன்றுதான்: பின்னாடி ஒரு குட்டி பைக்கை மாட்டிக்கொண்டு வந்தால் என்ன?

யோசனை புதிதல்ல. 1981-ல் ஹோண்டா நிறுவனம் ஜப்பானில் 'சிட்டி' என்ற சின்ன காரை அறிமுகப்படுத்தியபோது, அதன் டிக்கியில் மடக்கி வைக்கவென்றே 'மோட்டோகாம்போ' என்ற 49 சிசி வண்டியையும் விற்றது. எடை சுமார் 45 கிலோதான். ஹேண்டில்பாரையும் சீட்டையும் மடக்கினால் சூட்கேஸ் மாதிரி ஆகிவிடும். இன்றைய கேம்பர்வேனில் உள்ளே இடமில்லை, கட்டிலும் சமையல் மேடையும் அடைத்துவிடுகின்றன. மீதி இருப்பது வேனின் பின்பக்கம். அங்கே இருக்கும் டோபாரில் ஒரு ரேக்கைப் பொருத்தி, அதன் மேல் பைக்கைக் குறுக்காக நிறுத்திக் கட்டுவதுதான் பலரும் எடுக்கும் வழி.

பார்க்க எளிதாகத்தான் தெரியும். சிக்கல் எல்லாம் எடையில் இருக்கிறது.

டோபார் எவ்வளவு தாங்கும்?

டோபார் என்பது டிரெய்லரை இழுப்பதற்காக வண்டியின் அடிச்சட்டத்தோடு பொருத்தப்படும் இரும்புக் கட்டை. ஐரோப்பாவில் அதன் நுனியில் 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் இரும்புக் குண்டு இருக்கும். டிரெய்லரின் மூக்கு அந்தக் குண்டின் மேல் உட்காரும்.

இங்கே இரண்டு எண்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று, எவ்வளவு எடையை இழுக்கலாம் என்பது. இது 2,000 கிலோ, 2,500 கிலோ என்று பெரிய எண்ணாக இருக்கும். இன்னொன்று, அந்தக் குண்டின் மேல் செங்குத்தாக எவ்வளவு எடை உட்காரலாம் என்பது. ரேக் வைப்பவருக்கு வேண்டியது இரண்டாவது எண் மட்டும்தான். "இரண்டு டன் இழுக்குற டோபார், ஒரு குட்டி பைக்கைத் தாங்காதா?" என்று கேட்பவர்கள் முதல் எண்ணைப் பார்த்துவிட்டு வந்தவர்கள்.

கேம்பர்வேன் என்றதும் ஐரோப்பாவில் நினைவுக்கு வருவது ஃபோக்ஸ்வேகன் டிரான்ஸ்போர்ட்டர். அதன் டி5, டி6 வகைகளில் குண்டின் மேல் அனுமதிக்கப்படும் எடை 100 கிலோ. வேறு வேன்களில் சற்றுக் கூடலாம், குறையலாம். டோபாரில் ஒட்டியிருக்கும் தகட்டிலும், வண்டியின் கையேட்டிலும் இந்த எண் இருக்கும். இரண்டும் வேறுபட்டால் எது குறைவோ அதுதான் கணக்கு. டோபார் கடைக்காரர் 150 கிலோ தாங்கும் டோபாரை மாட்டிக் கொடுத்தாலும், வேன் 100 என்று சொன்னால் 100தான்.

பைக் எடை மட்டும் பார்த்தால் போதுமா?

போதாது. ரேக்கும் எடைதான். பைக்கைத் தாங்கும் இரும்பு ரேக் ஒன்று சாதாரணமாக 25 முதல் 40 கிலோ வரை இருக்கும். 30 என்றே வைத்துக்கொள்வோம். 100 கிலோவில் அது போனால் பைக்குக்கு மீதி 70 கிலோ.

இப்போது 'குட்டி பைக்' என்று மக்கள் ஆசைப்படும் வண்டிகளின் எடையைப் பார்க்கலாம். பெட்ரோல் நிரப்பிய நிலையில் ஹோண்டா மங்கி 125 சுமார் 104 கிலோ. அதே எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்த டாக்ஸ் 125, 107 கிலோ. சூப்பர் கப் சி125, 110 கிலோ. அதாவது ரேக்கே இல்லாமல், பைக்கை மட்டும் குண்டின் மேல் வைத்தாலே டிரான்ஸ்போர்ட்டரின் எல்லை தாண்டிவிடுகிறது. மங்கியும் ரேக்கும் சேர்ந்தால் 134 கிலோ, எல்லையைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம்.

பெட்ரோலைக் காலி செய்துவிட்டால்? மங்கியின் டேங்க் 5.6 லிட்டர். முழுவதும் வடித்தாலும் நான்கு கிலோதான் குறையும். பேட்டரியைக் கழற்றி, கண்ணாடியைக் கழற்றி என்று போனாலும் 34 கிலோவை எங்கிருந்து குறைப்பது?

கேம்பர்வேனின் பின்னால் அழகாகத் தொங்கும் மங்கியைப் படத்தில் பார்த்து ஆசைப்படும் பலருக்கு இது ஏமாற்றம்தான். ஆனா படத்தில் இருப்பது அமெரிக்க வண்டியா, ஐரோப்பிய வண்டியா என்பதையும் கவனிக்கணும். அமெரிக்காவில் குண்டுக்குப் பதில் இரண்டு அங்குலச் சதுரக் குழாய் ஒன்று வண்டிக்கு அடியில் இருக்கும், ரேக்கின் தண்டு அதற்குள் ஆழமாக நுழைந்து பூட்டிக்கொள்ளும். அங்குள்ள பெரிய பிக்கப், வேன்களில் செங்குத்து எடை 200 கிலோவுக்கு மேலும் அனுமதிக்கப்படுவதுண்டு. அதை அப்படியே ஐரோப்பிய டோபாருக்குப் பொருத்திப் பார்ப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

70 கிலோவுக்குள் என்ன பைக் இருக்கிறது?

இருக்கிறது, ஆனால் பட்டியல் சின்னது. பழைய 50 சிசி ஹோண்டா மங்கி 60 கிலோவை ஒட்டி வரும். பூச் மேக்ஸி போன்ற பழைய பெடல் மொபெட்கள் 45 கிலோ அளவில்தான் இருக்கும். பாறை ஏறும் போட்டிகளுக்கான டிரையல்ஸ் பைக்குகள் 70 கிலோவை ஒட்டியவை, அவற்றில் பல சாலையில் ஓட்டப் பதிவு செய்யக்கூடியவை. என்ன, அந்த பைக்குகளில் உட்கார சீட் என்று ஒன்று கிடையாது. நின்றுகொண்டே போய்ப் பால் வாங்கி வர வேண்டியதுதான்.

மின்சார வண்டிகளில் சர்ரான் லைட் பீ போன்றவை 50 கிலோ அளவில் இருக்கின்றன. பேட்டரியைக் கழற்றி வேனுக்குள் வைத்துக்கொண்டால் ரேக்கின் மேல் சுமை இன்னும் குறையும். ஆனால் வாங்கும்போது பதிவு எண் பெறக்கூடிய மாடலா என்று பார்ப்பது அவசியம். காட்டுப் பாதைக்கு மட்டும் என்று விற்கப்படும் மாடலைப் பிரிட்டனில் சாலையில் ஓட்டினால் சட்டவிரோதம்.

நெம்புகோல் என்ற இன்னொரு எதிரி

எடை எல்லைக்குள் வந்துவிட்டது, அவ்வளவுதானே என்றால், இல்லை. டிரெய்லர் குண்டின் மேல் நேராக உட்காருகிறது. பைக்கோ குண்டுக்குப் பின்னால், காற்றில் நிற்கிறது.

பைக்கின் நடுப்பகுதி குண்டிலிருந்து 40 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 100 கிலோ என்றால், டோபாரை முறுக்கும் விசை சுமார் 390 நியூட்டன் மீட்டர். டிரான்ஸ்போர்ட்டரின் சக்கர போல்ட்டை இறுக்க வேண்டிய அளவே 180 நியூட்டன் மீட்டர்தான். அதாவது சக்கர போல்ட்டை இறுக்குவதுபோல இரண்டு மடங்குக்கு மேலான முறுக்கு, வண்டி நிற்கும்போதே டோபாரின் மேல் இருந்துகொண்டே இருக்கிறது. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது இது இன்னும் பல மடங்கு எகிறும். டோபாரின் தகட்டில் இருக்கும் எண் இந்த முறுக்கைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அதனால் ரேக் தயாரிப்பாளர் சொல்லும் எல்லையையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

ரேக் எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்பதும் முக்கியம். பிரிட்டனில் பரவலாக இருக்கும் ஒரு வகை டோபாரில் குண்டு, தட்டையான இரும்பு முகத்தில் இரண்டு போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கும். ரேக்கின் தகட்டைக் குண்டுக்கும் டோபாருக்கும் நடுவில் வைத்து அதே போல்ட்டால் இறுக்கலாம். இது உறுதியான பிடி. இன்னொரு வகை, அன்னத்தின் கழுத்து போல வளைந்து வரும் ஒற்றைக் கம்பி. இதில் போல்ட் போட இடமில்லை, குண்டைக் கவ்விப் பிடிக்கும் ரேக்தான் வேண்டும். கவ்வும் வகை பெரும்பாலும் சைக்கிளுக்காகச் செய்யப்பட்டது, அதில் மோட்டார் பைக்கை ஏற்றுவது வேறு விஷயம். சைக்கிள் ரேக் 60 கிலோ தாங்கும், மொபெட் 45 கிலோதானே என்று கணக்குப் போடுபவர்களும் உண்டு. சைக்கிளின் எடை இரண்டு, மூன்று தண்டவாளங்களில் பிரிந்து விழும். மொபெட்டின் எடை முழுவதும் ஒரே தண்டவாளத்தில் இறங்கும்.

முன்சக்கரம் ஏன் வழுக்குகிறது?

வேனின் பின் அச்சுக்குப் பின்னால் எடையை வைத்தால், சீசா பலகை மாதிரி முன்பக்கம் லேசாகும். சின்ன டிரான்ஸ்போர்ட்டரில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3 மீட்டர். பின் அச்சிலிருந்து பைக்கின் நடுப்பகுதி ஏறத்தாழ 1.5 மீட்டர். அங்கே 100 கிலோ வைத்தால் பின் அச்சின் மேல் ஏறுவது 100 அல்ல, 150 கிலோ. அந்தக் கூடுதல் 50 கிலோ முன் அச்சிலிருந்து தூக்கப்பட்ட எடை.

டிரான்ஸ்போர்ட்டர்களில் பெரும்பாலானவை முன்சக்கரத்தால் இழுக்கப்படுபவை. முன்சக்கரம் லேசானால் மழையில் பிடிமானம் குறையும். காலையில் ஈரப் புல்வெளியிலிருந்து வேனைக் கிளப்பும்போது சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்க, வண்டி நகராமல் நிற்பது இதனால்தான். ஸ்டீயரிங் லேசாக மிதப்பது போல இருக்கும். முன்பக்கம் தூக்குவதால் இரவில் ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும், டாஷ்போர்டில் இருக்கும் விளக்குச் சரிசெய்யும் திருகை இறக்கி வைக்க வேண்டும். பெரிய மோட்டார்ஹோம்களில் பின் அச்சுக்குப் பின்னால் உடல் 2 மீட்டர் வரைகூட நீளும். அங்கே இந்தச் சீசா விளைவு இன்னும் மோசம்.

வண்டியின் அடையாளத் தகட்டில் நான்கு எடைகள் இருக்கும்: மொத்த எடை, டிரெய்லரோடு சேர்த்த எடை, முன் அச்சு, பின் அச்சு. மொத்த எடை சரியாக இருந்தாலும் பின் அச்சு மட்டும் எல்லை தாண்டியிருக்கலாம். கேம்பர்வேனில் இது எளிதாக நடக்கும். ஏனென்றால் தண்ணீர் டேங்க், கேஸ், படுக்கை, பந்தல் பை, குழந்தைகளின் சைக்கிள் என எல்லாமே பின்பக்கம்தான் போய்ச் சேரும்.

பிரிட்டனில் சாலைச் சோதனையில் எடை கூடுதலாக இருப்பது தெரிந்தால், அளவைப் பொறுத்து 100 முதல் 300 பவுண்டு வரை உடனடி அபராதம் விழும், மிக அதிகமென்றால் வழக்கு நீதிமன்றம் போகும். எடையைச் சரிசெய்யும் வரை வண்டியை நகர்த்தவும் விடமாட்டார்கள். விடுமுறைக்குக் கிளம்பிய குடும்பம், நெடுஞ்சாலை ஓரத்தில் எதை இறக்கி வைப்பது என்று யோசிக்க வேண்டி வரும். கிளம்பும் முன் எல்லாச் சாமானையும் ஏற்றி, ஆட்களையும் உட்கார வைத்து, ஒரு எடை மேடையில் அச்சு அச்சாக நிறுத்திப் பார்த்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லை. அப்படி எடை போடுவதற்கு ஆகும் செலவு அபராதத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

நம்பர் பிளேட், விளக்கு, அகலம்

பைக்கைக் குறுக்கே நிறுத்தினால் வேனின் பின் விளக்குகளும் நம்பர் பிளேட்டும் மறையும். பிரிட்டனில் நம்பர் பிளேட் தெரியாவிட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம். தீர்வு, விளக்குப் பலகை. ரேக்கின் பின்னால் மாட்டி, டோபாரின் மின்சாக்கெட்டில் செருகினால் பிரேக், இண்டிகேட்டர் எல்லாம் அதில் எரியும். அதில் வேனின் எண்ணோடு முறையான மஞ்சள் பிளேட்டும் இருக்க வேண்டும். அட்டையில் மார்க்கரால் எழுதி ஒட்டுவது செல்லாது. பழைய 7 முனை சாக்கெட்டில் ரிவர்ஸ் விளக்கு வராது, 13 முனையில் வரும்.

அகலத்தில் ஒரு நல்ல செய்தி. டி6 வேனின் உடல் அகலம் சுமார் 1.9 மீட்டர். மங்கியின் நீளம் 1.71 மீட்டர், அதனால் அழகாக உள்ளடங்கிவிடும். சூப்பர் கப் 1.91 மீட்டர், வேனின் ஓரத்துக்கு ஓரம் வந்துவிடும். நீளமான பைக் என்றால் டயர் இரண்டு பக்கமும் எட்டிப் பார்க்கும். கார்ன்வால் சந்தில் அந்த டயர்தான் முதலில் கல்சுவரைத் தொடும்.

ஆங்கிலக் கால்வாயைத் தாண்டினால் விதிகள் மாறும். இத்தாலியிலும் ஸ்பெயினிலும் வண்டிக்குப் பின்னால் சுமை நீட்டிக்கொண்டிருந்தால், 50 சென்டிமீட்டர் சதுரத்தில் சிவப்பு வெள்ளைச் சாய்கோடுகள் கொண்ட பிரதிபலிப்புப் பலகையைத் தொங்கவிட வேண்டும். கப்பலில் ஏறும்போது வேனின் நீளம் மட்டுமல்ல, ரேக்கும் பைக்கும் சேர்ந்த நீளத்தைச் சொல்லித்தான் டிக்கெட் எடுக்கணும். குறைத்துச் சொன்னால் துறைமுகத்திலேயே அளந்து கூடுதல் கட்டணம் கேட்கலாம்.

கட்டுவதில்தான் உயிர் இருக்கிறது

நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வேனிலிருந்து ஒரு பைக் கழன்று விழுந்தால், ஆபத்து வேன்காரருக்கு அல்ல, பின்னால் வருபவருக்கு. அதனால்தான் அனுபவம் உள்ளவர்கள் பட்டை கட்டுவதில் சிக்கனம் பார்ப்பதில்லை.

குறைந்தது நான்கு பட்டைகள் வேண்டும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, இரண்டு பக்கமும் எதிரெதிராக இழுக்கும்படி. ஹேண்டில்பார் நுனியில் கட்டினால் அது சுழன்று தளர்ந்துவிடும், ஃபோர்க்கைப் பிடிக்கும் கீழ்க் கவ்வியில் மென்மையான துணி வளையம் போட்டு அதில் கட்டுவது நல்லது. முன் சஸ்பென்ஷனைக் கொஞ்சம் அமுக்கி வைத்துக் கட்டணும். முழுக்க அமுக்கினால் ஆயில் சீல் கெடும், அமுக்கவே இல்லையென்றால் ஒவ்வொரு பள்ளத்திலும் பைக் குதித்துப் பட்டையைத் தளர்த்திவிடும். இரண்டு சக்கரங்களையும் தண்டவாளத்தோடு தனியாகக் கட்ட வேண்டும். பக்கவாட்டு ஸ்டாண்டை மடக்கி வைக்கணும், பைக்கின் எடை அதன் மேல் நிற்கக் கூடாது. பட்டையின் மீதி வாலைச் சுருட்டி முடிச்சுப் போடாமல் விட்டால், காற்றில் அடித்து அடித்துப் பெயின்டை உரித்துவிடும்.

கிளம்பி 15 கிலோமீட்டர் போனதும் ஒரு முறை நிறுத்தி எல்லாவற்றையும் இழுத்துப் பார்க்க வேண்டும். முதல் முறை கட்டியவை கட்டாயம் கொஞ்சம் தளர்ந்திருக்கும். கட்டும் வேலையைவிட இந்த நிறுத்தம்தான் பலரும் தவிர்ப்பது.

இன்னொரு சங்கடம் பின்கதவு. மேல்நோக்கித் திறக்கும் கதவுள்ள வேனில், ரேக் இருக்கும்வரை அதைத் திறக்க முடியாது. ஃபோக்ஸ்வேகன் கலிஃபோர்னியா கேம்பரில் மடக்கு நாற்காலிகளே பின்கதவுக்குள்தான் இருக்கும். பைக்கை இறக்காமல் உட்காரக்கூட முடியாது!

பைக்கை ஓட்ட லைசென்ஸ் இருக்கா?

ஏற்றிச் செல்வதற்கு கார் லைசென்ஸ் போதும். இறக்கி ஓட்டுவது வேறு கதை. பிரிட்டனில் கார் லைசென்ஸ் மட்டும் வைத்திருப்பவர் 125 சிசி வண்டியை ஓட்ட, சிபிடி எனப்படும் அடிப்படைப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். வண்டியில் 'எல்' போர்டும் கட்டாயம். அந்தச் சான்றிதழ் இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும். முக்கியமான விஷயம், பிரிட்டனுக்கு வெளியே அது செல்லவே செல்லாது. பிரான்ஸ் வரை பைக்கைச் சுமந்துகொண்டு போய், அங்கே ஓட்ட முடியாமல் திரும்பக் கொண்டுவர நேரலாம். பைக்குக்குத் தனிக் காப்பீடு வேண்டும், வேனின் காப்பீடு அதற்குப் பொருந்தாது. டோபார் பின்னாளில் பொருத்தப்பட்டது என்றால் அதையும் வேனின் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்திருக்க வேண்டும்.

வேறு வழியே இல்லையா?

70 கிலோவுக்கு மேல் உள்ள பைக்தான் வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, டோபாரை நம்பாமல் வேனின் அடிச்சட்டத்தில் நேரடியாகப் பொருத்தும் ரேக். எல்லை கூடும், ஆனால் பின் அச்சுக் கணக்கும் சீசா விளைவும் அப்படியே இருக்கும்.

இரண்டாவது, அதே டோபாரில் ஒரு சின்ன பைக் டிரெய்லர். பைக்கின் எடையை டிரெய்லரின் சொந்தச் சக்கரங்கள் தாங்கும், குண்டின் மேல் விழுவது அதில் ஒரு சிறு பங்கு மட்டும். மங்கி என்ன, அதைவிடப் பெரிய பைக்கையும் கொண்டுபோகலாம். பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் மொத்தம் 750 கிலோ வரைதான் அனுமதி, ஒற்றை பைக்குக்கு அது தாராளம். 2021 டிசம்பர் 16 முதல் கிரேட் பிரிட்டனில் கார் லைசென்ஸ் உள்ளவர்கள் தனித் தேர்வு எழுதாமலேயே 3,500 கிலோ வரை டிரெய்லர் இழுக்கலாம்.

விலை வேகத்தில் கொடுக்க வேண்டியிருக்கும். டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு இங்கிலாந்து மோட்டார்வேயில் உச்ச வேகம் மணிக்கு 60 மைல், மூன்று தடம் உள்ள சாலையில் வலதுகோடித் தடத்துக்குப் போகவும் கூடாது. கப்பல் டிக்கெட்டில் நீளம் இன்னும் கூடும். கூட்டமான முகாம் மைதானத்தில் டிரெய்லரை எங்கே நிறுத்துவது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும், சில இடங்களில் அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு.